விழித்தெழுந்த பின்பு

வேதபாடப் பகுதி: எபேசியர் 5:8 முதல் 6:9 வரை, லூக்கா 3:10-14



நமது மருத்துவமனைக்காக நீங்கள் ஏறெடுத்துவரும் ஜெபங்களுக்காகவும், மனமுவந்து அனுப்பிவரும் காணிக்கைகளுக்காகவும் தேவனைத் துதிக்கிறோம். இம்முறை, வார்டுகளில் நாங்கள் அடிக்கடி சந்திக்கிற ஒரு காரியத்தை முன்வைத்து வேதபாடத்தைத் தொடங்க விரும்புகிறோம்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவில் மனிதர்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள். பகலெல்லாம் நில விவகாரம், பென்ஷன், மருமகளின் குறை என்று பேசிக்கொண்டிருந்தவர், இரவு ஜெபத்துக்கு நாங்கள் படுக்கையருகே வரும்போது குரலைத் தாழ்த்தி, "ஐயா, நான் பிழைத்து எழும்பினால் இனி இப்படி இருக்கமாட்டேன்" என்பார். பல வருடங்களாகப் பேசாத தம்பியின் பெயர் அப்பொழுது வாயில் வரும். கொடுக்காமல் வைத்திருந்த பங்கு நினைவுக்கு வரும். சிலர் அழுவார்கள். இதைப் பயத்தினால் வந்த பேச்சு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படித் தள்ளுவதில்லை. கதவைத் தட்டினது பயமாக இருக்கலாம். உள்ளே வருகிறவர் ஆவியானவராக இருக்கக்கூடாதா?

ஆனால் மூன்று மாதம் கழித்து அதே மனிதர் பரிசோதனைக்கு வருகிறார். தையல் நன்றாக ஆறியிருக்கிறது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. தம்பியோடு மட்டும் இன்னும் பேச்சில்லை. அதைக் கேட்டால் முகம் வாடுகிறது. "அன்றைக்கு இருந்த மனம் இப்போது இல்லை ஐயா. அது மெய்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது" என்கிறார். கன்வென்ஷன் கூட்டங்களில் கண்ணீரோடு தங்களை ஒப்புக்கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிய அநேகரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். உங்களில் சிலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். அந்த அனுபவம் மெய்யானதா, அல்லது உணர்ச்சியா? இதுதான் இன்று நம்முன் இருக்கிற கேள்வி.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் மெய்தான். ஆனால் வீட்டிற்குப் போனதும் அதற்குத் தங்க ஓர் அறை கொடுக்கப்படவில்லை.

எபேசியருக்கு எழுதின நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அதிகாரம் 14-ம் வசனத்தில் உறங்குகிறவனை எழுப்புகிற ஓர் அழைப்பு இருக்கிறது. இது ஆதிச்சபையில் பாடப்பட்ட பாட்டின் ஒரு பகுதி, ஒருவேளை ஞானஸ்நான வேளையில் பாடப்பட்டது, என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் இது விழிப்பின் உச்சக்கட்டம் அல்லவா? இதற்கு அடுத்தபடியாக அப்போஸ்தலன் என்ன சொல்லுவார் என்று எதிர்பார்ப்போம்? தரிசனங்களையா, பரலோக மகிமையையா? 15-ம் வசனம் நடையைப் பற்றிப் பேசுகிறது. கவனமாக நடக்கவேண்டும். காலத்தை வீணாக்கக்கூடாது. குடிவெறி கூடாது.

"நடப்பது" என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் பெரிபட்டேயோ என்பதாகும். சுற்றி நடமாடுவது, அன்றாடம் போய்வருவது என்ற பொருள் அதற்கு உண்டு. இந்தச் சிறிய நிருபத்தில் அச்சொல் ஏழு வசனங்களில் வருகிறது. 2:2, 2:10, 4:1, 4:17, 5:2, 5:8, 5:15 ஆகிய வசனங்களை வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் மூன்று அதிகாரங்கள் உன்னதங்களைப் பற்றிப் பேசுகின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வருகிற நிருபம், கடைசியில் நம்முடைய வாசற்படியில் வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 5:18-ல் ஆவியினால் நிறைந்திருக்கும்படி சொல்லப்படுகிறது. மூலமொழியில் அந்தக் கட்டளைக்குப் பின்வருகிற பாடுதலும், ஸ்தோத்திரம்பண்ணுதலும், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதலும் அதே கட்டளையைத் தொடர்ந்து தொங்கிக்கொண்டிருக்கிற எச்சங்களாக இருக்கின்றன. பழமையான சில கையெழுத்துப் பிரதிகளில் 22-ம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. அது 21-ம் வசனத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. அதாவது, ஆவியில் நிறைதல் ஒரு பாடம், குடும்ப வாழ்க்கை வேறொரு பாடம் என்று பவுல் பிரிக்கவில்லை. ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். கணவன் மனைவி, பிள்ளைகள் தகப்பன், வேலைக்காரர் எஜமான் என்று வீட்டிலுள்ள ஒருவரையும் விடவில்லை. நடுவில் ஆறாம் அதிகாரம் என்று ஒரு தலைப்பு வந்து குறுக்கிடுகிறது. அந்த அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. பவுல் போட்டவை அல்ல. நமது பிரசங்கங்களோ பெரும்பாலும் 5:18-லேயே நின்றுவிடுகின்றன. 6:9 வரை போகிறவர்கள் குறைவு. அந்த வசனம் எஜமான்கள் பயமுறுத்திப் பேசுவதை விட்டுவிடவேண்டும் என்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற நம் எல்லாருக்கும் அது இடறலான இடம்.

யோவான் ஸ்நானனும் இப்படித்தான் செய்தார். லூக்கா 3-ல் ஜனங்கள் மனம் குத்துண்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று அவரிடம் கேட்கிறார்கள். உபவாச நாட்களைக் கூட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும். ஆயக்காரர் விதித்ததற்கு அதிகமாக வாங்கக்கூடாது. போர்ச்சேவகர் மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது, பொய்க்குற்றம் சுமத்தக்கூடாது, சம்பளம் போதும் என்றிருக்கவேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், யோவான் தாமே வனாந்தரத்தில் வாழ்ந்தவர். ஆனாலும் வந்த ஒருவரையும் தம்மோடு வனாந்தரத்தில் தங்கிவிடும்படி சொல்லவில்லை. ஆயக்காரனை அவனுடைய கணக்குப் புத்தகத்துக்கே திருப்பி அனுப்புகிறார்.

"வசனம் சரி, ஆனால் அன்றாட வேலையில் இது எப்படி நடக்கும்?" என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் ஒரு சமையற்காரரைப் பற்றிச் சொல்லுவது வழக்கம். 1614-ம் ஆண்டளவில், இன்று பிரான்ஸ் தேசத்தின் பகுதியாயிருக்கிற லொரேன் பிரதேசத்தில் நிக்கோலா எர்மான் என்பவர் பிறந்தார். சகோதரர் லாரன்ஸ் என்ற பெயரில் அவரைச் சபை அறிந்திருக்கிறது. தமது 18-ம் வயதில், பனிக்காலத்தில் ஒரு நாள், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தை அவர் பார்த்தார். குளிர்தேசத்து மரம் அந்தக் காலத்தில் விறகுக்குச்சிபோல நிற்கும். மாசியில் இலை உதிர்க்கும் நம் ஊர் வேம்பைவிட வெறுமையாக இருக்கும். சில நாட்களில் இதிலே மறுபடியும் இலை வரும், பூ வரும், கனி வரும் என்று அவர் நினைத்தார். அவ்வளவுதான். அந்த நினைவில் தேவனுடைய வல்லமையும் பராமரிப்பும் அவருடைய உள்ளத்தில் பதிந்தது. பின் ஒருபோதும் அழியவில்லை. தரிசனமோ சத்தமோ ஒன்றுமில்லை.

விழிப்பு ஒரு நிமிடத்தில் வந்தது. அதன்பின் நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும். மரத்தைப் பார்த்துவிட்டு அவர் நேரே பரிசுத்தவானாகிவிடவில்லை. அது 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை அழித்த முப்பதாண்டுப் போரின் காலம். அவர் போர்ச்சேவகனாகப் போய்க் காயம் பட்டார். பின்பு ஒரு பெரிய மனிதரிடம் ஏவலாளாக இருந்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடுகிற முரட்டுக் கை தமக்கு என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1640-ல் பாரிஸ் பட்டணத்துக் கார்மெல் மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, படிப்பில்லாத ஊழியச் சகோதரராக. கொடுக்கப்பட்ட இடம் சமையலறை. சமையல் வேலையின்மேல் அவருக்கு இயல்பிலேயே மிகுந்த வெறுப்பு! அங்கே ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்தார். கால் நோய் அதிகமானபின் உட்கார்ந்து செய்யும்படி செருப்புத் தைக்கிற வேலை கொடுக்கப்பட்டது. 1691-ல் மரித்தார்.

மடத்தில் சேர்ந்தவுடன் சமாதானம் வந்ததா? இல்லை. பத்து ஆண்டுகள் அவர் உள்ளத்தில் மிகவும் உபத்திரவப்பட்டார். அதில் நான்கு ஆண்டுகள், தாம் நிச்சயமாகக் கெட்டுப்போவோம் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. எவராலும் தேற்ற முடியவில்லை. மரத்தடியில் கண்ட அதே மனிதர்தான் இவர் என்பதை மறந்துவிடாதீர்கள். கண்டது மெய், அதற்குப்பின் வந்த வறட்சியும் மெய். முடிவில் அவர், தாம் இரட்சிக்கப்பட்டாலும் கெட்டாலும், செய்கிறதையெல்லாம் தேவன்மேலுள்ள அன்பினிமித்தமே செய்வது என்று தீர்மானித்தார். தன் ஆத்துமாவின் நிலையை ஓயாமல் அளந்து பார்ப்பதை விட்டுவிட்டு, கையிலிருந்த வேலையைத் தேவனுக்கென்று செய்யத் தொடங்கினார். சட்டியில் முட்டையைத் திருப்பிப் போடுவதும் அதற்குள் அடங்கும். தரையில் கிடக்கிற துரும்பை எடுப்பதும் அடங்கும்.

மடத்துக்குத் திராட்சரசம் வாங்கிவர அவரைத் தூர இடங்களுக்கு அனுப்புவார்கள். ஒரு கால் ஊனம். வியாபாரம் தெரியாது. படகிலே நடக்க முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவார். இதைச் சொல்லும்போது அவரிடம் மனக்கசப்பு ஒன்றும் இருந்ததில்லை. 1666-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜோசப் தெ பொஃபோர் என்ற குருவானவர் அவரைச் சந்தித்துப் பேசி, கேட்டதைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளும் லாரன்ஸின் சில கடிதங்களும் அவர் மரித்தபின் புத்தகங்களாக வெளிவந்தன. ரோமன் கத்தோலிக்க மடத்துச் சகோதரர் நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜான் வெஸ்லியே இதைச் சுருக்கித் தம்முடைய நூல்வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலை தொடங்கும்முன் தேவனிடம் ஒரு வார்த்தை. வேலை நடுவில் நினைவு சிதறினால், சிதறினது என்று ஒத்துக்கொண்டு மறுபடியும் திரும்புதல். தவறு செய்தால், நீர் என்னை விட்டால் நான் இப்படித்தான் என்று தேவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதையே நினைத்து நினைத்துக் கலங்காமல் அடுத்த வேலைக்குப் போதல். ஜெபவேளைக்கும் வேலைவேளைக்கும் தமக்கு வித்தியாசம் இல்லை என்ற இடத்துக்கு அவர் வந்தார். ஆனால் வர வருடங்கள் ஆயின. ஆரம்ப காலத்தில், ஜெபத்துக்கென்று குறித்த மணிநேரம் முழுவதும் அலைகிற நினைவுகளைத் துரத்துவதும் மறுபடி அவைகளில் விழுவதுமாகவே கழிந்தது என்கிறார். முழங்காலில் நின்றுகொண்டு வீட்டுக் கணக்குப் போடுகிற நம்மைப்போன்றவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல்!

ஒருதரம் கண்ட உண்மைக்கு மறுபடி மறுபடி திரும்புவது மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். மருத்துவரும் மாணவரும் பிணப்பரிசோதனை செய்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்ததால் தாய்மார் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வரும்படி அவர் கட்டாயப்படுத்தினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேராக இருந்த மரணம் ஜூனில் 2 பேர் அளவுக்கு இறங்கிற்று. இதை இன்று நர்ஸிங் முதலாம் ஆண்டு மாணவியும் அறிவாள். அறிந்திருப்பது போதுமா? ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது மறுபடியும் கழுவவேண்டும். முப்பது வருட அனுபவமுள்ள சிஸ்டரும் கழுவவேண்டும். நேற்று நன்றாகக் கழுவினேன் என்பது இன்றைய நோயாளிக்கு உதவாது. அதே சமயம், இன்று காலை ஒருதரம் மறந்துவிட்டது என்பதற்காக, கழுவவேண்டும் என்ற உண்மையே பொய் என்று எவரும் சொல்லுவதில்லை. மூன்று மாதம் கழித்து வருகிறவருக்கு நாங்கள் சொல்லுவதும் இதுதான். அந்த இரவில் நீங்கள் கண்டது பொய்யல்ல. அடுத்த படுக்கைக்கு வந்திருக்கிறீர்கள். மறுபடியும் கையைக் கழுவுங்கள்.

இங்கே காணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காணிக்கையால் நடக்கிற ஊழியத்திலிருந்து இப்படி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஏசாயா 58-ம் அதிகாரத்தில் ஜனங்கள் உபவாசம்பண்ணுகிறார்கள். அதே நாளில் வேலையாட்களை ஒடுக்குகிறார்கள், வழக்காடுகிறார்கள். தேவன் அந்த உபவாசத்தை ஏற்கவில்லை. கொடுப்பதும் அப்படி ஆகிவிடக்கூடும். உள்ளத்தில் ஆவியானவர் ஒரு காரியத்தைச் சுட்டிக்காட்டும்போது, அதைச் செய்வது கடினமாக இருப்பதால், அதற்குப் பதிலாக ஒரு மணியார்டர் அனுப்பிவிடுகிற சோதனை நம் எல்லாருக்கும் உண்டு. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குச் சேரவேண்டிய சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அதிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பவேண்டாம். அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் எங்கே போவாள்? முதலில் அவளுடையதை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். மீதியிருந்தால் நமது ஏழை நோயாளர் நிதியை நினைத்துக்கொள்ளுங்கள். இதனால் நிதி குறையும் என்று எங்களுக்குப் பயமில்லை.

கடைசியாக, மாற்கு 5-ம் அதிகாரத்தில் சுகமடைந்த ஒரு மனிதனைப் பார்ப்போம். கல்லறைகளில் குடியிருந்து, சங்கிலிகளை முறித்துத் திரிந்தவன். இயேசு அவனைக் குணமாக்கிப் படகில் ஏறும்போது, தானும் கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். நியாயமான ஆசை. சில பேரை ஆண்டவர் அப்படி அழைத்ததும் உண்டு. மத்தேயு ஆயத்துறையை விட்டே வந்தான். இவனையோ அவர் தம்மோடு வரவிடவில்லை. வீட்டிற்கு, சொந்த ஜனங்களிடத்திற்குப் போகச்சொன்னார். அந்த ஜனங்கள் யார்? அவனைக் கட்டிவைத்த அதே ஊரார். அவனுடைய பழைய கூச்சலை இரவெல்லாம் கேட்டவர்கள். படகில் போவது அவனுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும் நாளில் ஜெபித்து அனுப்பும்போது, அவர்களிடம் நீண்ட அறிவுரை சொல்லுவதில்லை. மாத்திரை வேளைகளைச் சிஸ்டர் சொல்லியிருப்பார். நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: ஊருக்குப் போனதும் முதலில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? சிலர் பேரப்பிள்ளையை என்பார்கள். சிலர் கடை வேலையைப் பார்க்கவேண்டும் என்று சிரிப்பார்கள். சிலர் உடனே பதில் சொல்லாமல், பையைக் கட்டிக்கொண்டே யோசிப்பார்கள். "தம்பி வீடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் ஐயா, இறங்கினதும் போய்விடலாம்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக வெள்ளிக்கிழமை மாலை சிற்றாலய ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். நீங்களும் உங்கள் குடும்ப ஜெபத்தில், இந்த வாரம் வீடு திரும்புகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எபேசியர் 5:8 முதல் 6:9 வரை ஒரே மூச்சில், அதிகாரத் தலைப்பில் நிற்காமல் வாசியுங்கள். வேலைக்காரர் எஜமான் பகுதியை வாசிக்கும்போது, வீட்டில் வேலை செய்கிறவர்களையும் கூட உட்காரவைத்து வாசிக்க முடியுமா என்று பாருங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்